படம் எடுத்த கை

“இஞ்சேருங்கோ, கையை நீட்டுங்கோ,” என்றாள் யூஜினி.

றொய்சன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் குனிந்து மணந்து பார்த்தாள். சவர்க்கார மணம்தான் வந்தது.

“மீன் பிடிச்ச கையில மீன் மணத்தைக் காணேல்லை. நான் பேசாலைக்காரி, கடலோட வளந்தனான், எனக்கே கதை விடுறியளோ?”

அவன் சிரித்தபடி சோபாவில் சாய்ந்தான். ஸ்ரௌவ்வில் நகரத்தில் காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் காரைப் பின்தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்ததில் அவனுடைய காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“நீங்கள் பஹாமாஸில வெயில் காய, நான் இஞ்சை தனிய நிண்டு பனி அள்ளினனான்,” என்றாள்.

“வெயில் காயப் போகேல்லை. மீன் பிடிக்கப் போனனான்.”

“தனியவோ?”

“தனியத்தான். வழி காட்டுற கைட்டும் நானும்.”

அவன் முகம் வெயிலில் கறுத்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. கறுத்ததைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அந்த முகத்தில் இருந்த சந்தோஷம்தான் பொறுக்கவில்லை. தன்னோடு இருக்கும்போது ஒரு நாளாவது இவன் இப்படி இருந்திருக்கிறானா என்று நினைத்தாள்.

அவனோ அது தெரியாமல் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினான். “முழங்கால் ஆழம்தான் கடல், அடியில வெள்ளை மணல் தெரியும். கைட் பின்னால உயரத் தட்டில நிண்டு நீளத் தடியால படகைத் தள்ளுவான். மீன் வாறது அவனுக்குத்தான் முதல் தெரியும். ‘பத்து மணிப் பக்கம்’ எண்டு மணிக்கூட்டு முள்ளுக் கணக்கில சொல்லுவான். உடனே அந்தப் பக்கம் தூண்டிலை வீச வேணும். போன்பிஷ் எண்டு பேர். கவ்விச்சுதெண்டால் நூலையும் இழுத்துக்கொண்டு ஆழக்கடலுக்கு ஓடும்.”

“எங்கை அந்த மீன்?”

“விட்டிட்டன்.”

“என்னது?”

“விடத்தான் வேணும். கையை நனைச்சுத் தூக்கி, ஒரு படம் எடுத்திட்டு, திரும்பத் தண்ணியில விடுறது. அதுதான் கையில மணம் இல்லை.”

யூஜினியின் வீட்டில் அப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். ஆள் வைத்து, படகு பிடித்து, பகல் முழுக்க வெயிலில் காய்ந்து, அகப்பட்ட மீனை உயிரோடு விட்டுவிட்டு வந்த ஆண்பிள்ளையைப் பேசாலை கண்டதில்லை. வெறுங்கையோடு வந்து இப்படிக் கதை சொல்கிறவன் கடல் பக்கமே போகவில்லை என்பதுதான் அவளுடைய கணக்கு.

“ஆரோட போனனீங்கள்?” என்று நேராகவே கேட்டாள். “உங்கட ஒபிசில உள்ள அந்த நடாஷாவோ?”

“விசர்க்கதை கதையாதையும். இந்தாரும், கண்ணால பாரும்.” அவன் போனைத் திறந்து நீட்டினான்.

பார்த்தாள். நீலத் தண்ணீர், வெள்ளைப் படகு. றொய்சன் இரண்டு கைகளாலும் வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய மீனை ஏந்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மீன் உண்மைதான்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாவம் மனிதன், வந்ததும் வராததுமாகக் கையை மோந்து பார்த்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

எழுந்தவள், போனைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்தச் சிரிப்பை இன்னொருமுறை பார்க்க ஆசைப்பட்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு அப்படியே நின்றாள்.

“உதில பின்னால நிக்கிறது ஆர்?”

“கைட்.”

“அவன்ரை ரெண்டு கையும் தடியில கிடக்கு. உங்கட ரெண்டு கையும் மீனில கிடக்கு.” போனை அவன் மடியில் வைத்தாள். “அப்ப படம் எடுத்த கை ஆரின்ரை?”

றொய்சன் போனை அணைத்துப் பைக்குள் வைத்தான்.

“நடாஷா இல்லை,” என்றான் மெல்ல.

“அப்ப?”

“றஜிதா.”

யூஜினி கதிரையில் இருந்துவிட்டாள். நடாஷா என்றால்கூடத் தாங்கியிருப்பாள். சண்டை பிடித்து விரட்டியிருப்பாள். இது இந்த வீட்டில் சொல்லவே கூடாதென்று அவள் தடுத்து வைத்திருந்த பெயர்.

“அவளோட இனி ஒரு தொடர்பும் இல்லை எண்டனீங்கள். மாதா படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணினனீங்கள். நானும் மடைச்சி மாதிரி நம்பினன். நயாகரா பார்க்க வேணுமெண்டு எத்தினை தரம் கேட்டனான்? உந்தா கிடக்கிற நயாகராவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. அவளுக்குப் பஹாமாஸ் கேக்குதோ?”

றொய்சன் மணிக்கூட்டைப் பார்த்தான். எழுந்து ஜக்கெற்றைப் போட்டான். கார்த் திறப்பு பைக்குள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான்.

அவள் விடவில்லை. கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். “இதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டுப் போங்கோ. என்னத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?”

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், குனிந்து சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி சொன்னான்.

“கட்டின மனிசி கேட்டால், மாட்டன் எண்டு சொல்ல ஏலுமோ?”