‘ங்க’ போடாதவள்

எருமப்பட்டிக் கோழிப்பண்ணையின் முட்டை அறையில் மதியச் சாப்பாட்டு நேரம். தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. முட்டை அட்டையின் மேல் சாய்த்துவைத்த ஃபோனில், டிவி போட்டி வீட்டுக்குள் ஒரு பெண் தனியாகச் சாப்பிடுகிறாள்; மற்ற போட்டியாளர்கள் தட்டோடு எழுந்து போய்விட்டார்கள். “அவ திமிருக்கு நல்லா வேணுமுங்க,” என்கிறாள் வசந்தாமணி. சௌந்தர்யாவுக்குப் பொறுக்கவில்லை. “என்னுங்க திமிரு? அவ பேச்சே அப்படிங்க. அதுக்குன்னு அத்தன பேரும் ஒதுக்கி வெக்கிறதுங்களா? ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிருவாங்க?” ரசச்சோற்றுக் கையை உதறி உதறி அரைமணி நேரமாக இதையேதான் சொல்கிறாள்; சோறு காய்ந்துவிட்டது. வாசலோரம் மலர்விழி சுவரைப் பார்த்தபடி தயிர்ச்சோறு தின்கிறாள். கெங்கவல்லிக்காரி. வேலைக்கு வந்த முதல் நாளே, “அக்கா, அந்த அட்டைய எடு,” என்று ‘ங்க’ போடாமல் சொல்லிவிட்டாள். அவள் ஊரில் அக்காவிடம் அப்படித்தான் பேசுவார்கள். மரியாதை தெரியாதவள் என்று இங்கே யாரும் அவளோடு பேசாமல் இன்றோடு ஒன்பது நாள். அவளுக்கு இப்போது விக்குகிறது. “சௌந்தர்யாக்கா, கொஞ்சம் தண்ணி குடு,” என்கிறாள். சௌந்தர்யா ஃபோனின் சத்தத்தைக் கூட்டிவைக்கிறாள்.