ஊசி போடுகிறவன்

கவியரசன் எழுந்தான். பல் துலக்கினான், பால் காய்ச்சினான். ஃப்ரிட்ஜிலிருந்து சின்ன மருந்துக் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினான். சிரிஞ்சில் ஏற்றி ஊசி போட்டான். பிறகு சிரிஞ்சைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு, பேட்டோடு வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போனான்.

அன்று வல்லத்திராக்கோட்டையில் டென்னிஸ் பந்துப் போட்டியின் அரையிறுதி. எல்லைக் கோட்டோரம் பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான். வயது முப்பத்தெட்டு. போன வருடம் வரை ஒன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டிருந்தவன், இப்போது மேட்ச் தவறாமல் சிக்ஸர்களாக அடிக்கிறான்.

வயது ஏற ஏறப் பந்தின் போக்கு முன்கூட்டியே தெரியும் என்றான் அவனுடைய கேப்டன் ரகுநாத்.

எதிரணி கேப்டன் கோபிநாத் சிரித்தான். "அனுபவம் கண்ணுக்கு வரும். தோளுக்கு எங்கிட்டு இருந்துண்ணே வரும்?"

அடிக்கிற சிக்ஸர் எல்லாம் அவன் வீட்டுத் தகரக் கூரையிலேயே விழுகிறது, புத்தியுள்ளவன் சொந்தக் கூரையை இப்படி நசுக்குவானா, மருந்து தலைக்கேறிவிட்டது என்றார் ஒருவர். ஊக்க மருந்து என்று உறுதியானால் அவன் இனி இந்த மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்று கமிட்டி ஏற்கனவே எச்சரித்திருந்தது.

முதல் ஓவரிலேயே ஒரு பந்து கூரையில் விழுந்தது. அடுத்த பந்துக்குள் கோபிநாத் ஆட்களோடு பிட்சுக்கு நடுவில் வந்து நின்றான். கையில் கவியரசன் வீட்டுக் குப்பையில் எடுத்த சிரிஞ்ச்.

"தெனமும் ஊசி போடுறீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"போடுறேன்."

மேலே சொல்ல வாய் திறந்தான். ஸ்டம்ப் வாயில் இறங்கியது. பற்கள் மண்ணில் விழுந்தன. குப்புற விழுந்தவனை மிதித்தார்கள். அவன் பேட்டை எடுத்தே அவன் வலது கையை அடித்தார்கள், எலும்பு முறிகிற சத்தம் கேட்கும் வரை. தடுக்கப் போன ரகுநாத்தின் நெற்றி பிளந்தது.

ஓய்ந்ததும் கவியரசன் எழுந்து வீட்டுக்கு நடந்தான். சட்டை முழுக்க ரத்தம்.

கலைமதி கட்டிலில் படுத்திருந்தாள். தன் வயிற்றில் அவன் காலையில் ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் எல்லைக் கோட்டருகே உட்கார்ந்து புருஷனின் ஆட்டத்தைப் பார்த்தவள். சர்க்கரை நோய் அவள் கண்ணைப் பறித்து ஒரு வருடம் ஆகிறது.

காலடி கேட்டு முகத்தைத் திருப்பினாள். சாயந்திரம் சர்க்கரை இறங்கி நினைவு தப்பியவள் பிறகு விழிக்கவில்லை. அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கூரையில ஒரு தடவதானங்க சத்தம் கேட்டுச்சு. அதுக்குள்ள அவுட்டாயிட்டீங்களா?"