ஆறடி டோசர்

விடிந்தும் விடியாத நேரத்தில், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, பக்கத்து வயலில் இறங்கினார் முருகானந்தம்.

கணுக்கால் அளவு தண்ணீர் கட்டியிருந்தார்கள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நடந்தார். எங்கேயாவது ஒரு பள்ளத்தில் கால் இறங்காதா என்று பார்த்தார்.

இறங்கவில்லை. வயல் முழுக்கத் தண்ணீர் ஒரே மட்டமாக நின்றது.

போன வாரம் அதைச் சமன் செய்தவள் அவருடைய தம்பி மனைவி தையல்நாயகி.

வீட்டுக்கு வந்தவர் சேற்றுக் காலைக்கூடக் கழுவவில்லை.

“நானும் டோசர் வாங்கப் போறேன்” என்றார் மனைவியிடம்.

டிராக்டருக்கு முன்னால் மாட்டி மண்ணைத் தள்ளுகிற பிளேடு அது. பதினைந்து நாளைக்கு முன்னால் தையல்நாயகி அதை வாங்கினாள். சேலைமேல் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளேதான் வண்டியை ஓட்டுகிறாள். அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். முருகானந்தத்தின் டிராக்டர் கொட்டகையிலேயே நிற்கிறது.

“அவளுக்கு வேலை வந்தா நமக்கு என்னங்க?” என்றாள் உமாமகேஸ்வரி.

“இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். என்னை விட்டுட்டு நேத்து ஸ்டியரிங் பிடிச்சவளைக் கூப்பிடுறானுங்க.”

“சரி, வாங்குறதுதான் வாங்குறீங்க. எது நல்லாருக்கும்னு அவளையே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கலாமே.”

“அவகிட்டயா? அவளோடதைவிடப் பெருசா வாங்கி நிறுத்துறேன் பாரு.”

சொத்து பிரித்ததிலிருந்து இரண்டு வருஷமாகத் தம்பி குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லை. புதுச்சேரியில் வேலை பார்க்கும் தம்பி ஜெயபிரகாஷ் சனிக்கிழமை தவறாமல் ஊருக்கு வருவான். அவனைப் பார்த்தாலும் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காரைக்கால் பைபாஸில் மன்சூர் அலியின் கடை. கலப்பை, ரொட்டவேட்டர், எல்லாம் அங்கேதான்.

“வாங்கண்ணே, உட்காருங்க.”

“உட்கார நேரமில்ல பாய். டோசர் காட்டுங்க.”

சுவரோரம் மூன்று பிளேடுகள் சாய்ந்திருந்தன. ஆறடி, ஏழடி, எட்டடி. முருகானந்தம் நேராக எட்டடியிடம் போய்த் தட்டிப் பார்த்தார்.

“இதைப் போடுங்க.”

“அண்ணே, உங்க வண்டி முப்பத்தஞ்சு எச்.பி. இந்த வெயிட்டை முன்னாடி மாட்டினா ஆக்சில் போயிடும். உங்களுக்கு ஆறடிதான் சரி.”

“தையல்நாயகி எத்தனை அடி வாங்கினா?”

“ஆறடிதான்.”

முருகானந்தம் நிமிர்ந்தார். “அவ வண்டி அம்பத்தஞ்சு எச்.பி. ஆச்சே. எட்டடியை அலட்டிக்காம தள்ளுமே.”

“தள்ளும்.”

“அது தெரியாம ஆறடியைத் தூக்கிட்டுப் போயிருக்கா.” பதினைந்து நாளில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. “ஏன் பாய், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?”

“சொன்னேன்ணே. எட்டடியா இருந்தா ஒரு நாள் வேலை முக்கால் நாள்ல முடியும்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க.”

“பார்த்தீங்களா? விவரம் பத்தாது. இவளைத்தான் ஊரே தலைமேல தூக்கி வச்சிட்டு ஆடுது.”

மன்சூர் அலி உள்ளே போனார். ஒரு இரும்பு பிரேமைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். பிளேடை டிராக்டரோடு சேர்த்துப் பிடிக்கிற பிரேம். அடித்த பெயிண்டு இன்னும் காயவில்லை.

“இது யாரு வண்டிக்கு?”

“உங்க வண்டிக்குத்தாண்ணே. அந்தப் பழைய மாடலுக்கு ரெடியா கிடைக்காது. பட்டறையில சொல்லிச் செஞ்சது.”

“நான் சொல்லவே இல்லையே.”

“தையல்நாயகி சொன்னாங்க.”

முருகானந்தத்துக்குப் புரியவில்லை.

“‘காலையில நான் ஓட்டிக்குறேன். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துட்டா என்னால வெளியில போக முடியாது. மூணு மணிக்கு மேல பிளேடு சும்மாதானே கிடக்கும், எங்க மூத்தார் வண்டியில மாட்டிக்கட்டும். அவரு வண்டி தாங்குற அளவாப் பார்த்துக் குடுங்க’ன்னாங்க. நாலு பின்னு, ரெண்டு ஹோஸ். மாத்துறது அரை மணி நேர வேலை.”

முருகானந்தம் குனிந்து அந்த பிரேமைத் தொட்டுப் பார்த்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே பாய்.”

“‘நானாப் போய்க் குடுத்தா வாங்க மாட்டாரு, நீங்க பேசுங்க’ன்னாங்க. பெயிண்டு காயட்டும், நாளைக்குக் கூப்பிடலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். செல்போனை எடுத்தார், பாக்கெட்டில் போட்டார், மறுபடி எடுத்தார். ஒரே மணியில் தையல்நாயகி எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்க மாமா.”

இரண்டு வருஷம் பேசாத மாதிரியே இல்லை அந்தக் குரல். இவருக்குத்தான் எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

“நாளைக்கு எங்கம்மா வேலை?”

“திருவேட்டக்குடியில மாமா. இறால் குட்டைக்குக் கரை போடணும். பெரிய வேலை, பத்து நாள் ஆகும்.”

“மூணு மணிக்கு மேல நான் வரட்டுமா?”

“வாங்க மாமா. நீங்களும் வருவீங்கன்னு சொல்லித்தான் அந்த வேலையையே ஒத்துக்கிட்டேன்.”