பதினோரு வருடம் கழித்து வந்த ஆல்பம்

இசைத்தட்டின் முதல் பக்கம் முடிந்து ஊசியைத் தூக்கியபோது மச்சினன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. புது ஆல்பம் கேட்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். இரண்டு பக்கமும் முடிய வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை.

இசைத்தட்டைத் திருப்பிப் போட்டேன்.

இது என் சலவைக் கடையின் பின்னறை. தலைக்கு மேலே ஊரார் கோட்டெல்லாம் வரிசையாகத் தொங்கும். அதற்குக் கீழே அவனுடைய டிரம்ஸ், என்னுடைய கிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு, இருபத்தாறு வருடமாக இந்த ஒரே ராக் குழுவின் பாட்டுகளைத்தான் வாசிக்கிறோம். கேட்க ஆள் கிடையாது. கோட்டுகள் கேட்கும்.

அவர்களுடைய முதல் ஆல்பம், பாத்திரக் கூடையை மாடிப்படியில் கவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும். அதுதான் அதன் அழகு. இரண்டாவதில் அதே கூடையை இன்னும் இரண்டு மாடி மேலேயிருந்து தள்ளினார்கள். மூன்றாவதில் பியானோ வந்தது. மச்சினன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காவதில் பியானோக்காரரை அனுப்பிவிட்டார்கள். அதோடு சரி, பதினோரு வருடம் பேச்சு மூச்சு இல்லை.

அந்தப் பதினோரு வருடத்தில் எனக்கு ஐம்பத்திமூன்று ஆகிவிட்டது. மச்சினன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். அவனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. டிரம்ஸை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். என் மனைவி, அதாவது அவனுடைய அக்கா, டாக்டர் சொல்வதற்கு இருபது வருடம் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டாள்.

விட மனசு வந்தால்தானே. கடைசியில், புது ஆல்பம் வருகிறது என்று தெரிந்த அன்று ஒரு முடிவுக்கு வந்தோம். அவர்களுக்கும் நம் வயசுதான். அவர்கள் வேகம் குறைந்திருந்தால் நாமும் மரியாதையாக நிறுத்திவிடுவது. குறையவில்லை என்றால் தோள் கழன்று விழும்வரை வாசிப்பது.

குறைந்திருந்தது.

கொஞ்சநஞ்சம் இல்லை. யானை ஒவ்வொரு படியாக யோசித்து யோசித்து இறங்குகிற மாதிரி இருந்தது. பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சிகரெட்டை விடுங்கள் ஐயா என்று நாங்களெல்லாம் எத்தனை கடிதம் எழுதியிருப்போம்.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிப் போட்டவன் பேசுகிற மாதிரி ஒரு நிதானம். இரண்டாம் பக்கம் முடிந்ததும் என் வார்த்தையைச் சொன்னேன். பக்குவம்.

அவன் வார்த்தை, வயசு. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நம்மள மாதிரியே ஆயிட்டாங்க மாமா," என்று மூக்கை உறிஞ்சினான். சோப்புத் தூள் நெடி என்று காரணமும் சொன்னான்.

நான் போனை எடுத்து எங்கள் ரசிகர் பக்கத்தில் முதல் ஆளாக எழுதினேன். முதல் நான்கு ஆல்பங்களில் ஓடியவர்கள் ஐந்தாவதில் வந்து சேர்ந்துவிட்டார்கள், எனக்கு வருத்தமில்லை என்று. பத்து நிமிடத்தில் பதினேழு பேர் ஆமாம் போட்டார்கள். இரண்டாவது பாட்டின் நிதானத்தில் அழுதே விட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

மச்சினன் அதற்குள் டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளைக் கழற்றி ஒரு பழைய கம்பளியில் சுற்ற ஆரம்பித்திருந்தான். பிறகு ஸ்டாண்டை மடக்கினான். துருப்பிடித்த ஸ்டாண்டு, கிறீச்சென்றது.

முன்னறையில் துணிகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே வந்தாள். நேராக ரெக்கார்டு பிளேயரிடம் போனாள். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழித்தாள். அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச். அதைத் தள்ளினாள்.

அந்தப் பிளேயருக்கு இரண்டு வேகம் உண்டு. எங்களிடம் இருந்த நான்கு ஆல்பங்களும் குறைந்த வேகத்தில் ஓடுகிறவை. ஸ்விட்ச் நழுவுகிறது என்று டேப் ஒட்டியது நான்தான். ஒட்டி இருபது வருடமாகிறது. இன்னொரு வேகம் இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

ஊசியை அவளே வைத்தாள்.

கூடை இல்லை, பாத்திரக் கடையே உருண்டது. பாடகருக்கு இருபத்தைந்து வயது. டிரம்ஸ்காரர் எத்தனை அடி அடிக்கிறார் என்று விரல் விட்டு எண்ண முடியவில்லை. மச்சினன் பித்தளைத் தட்டைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே தோளைத் தேய்த்துவிட்டான். ஸ்டாண்டை மறுபடி விரித்தான்.

எழுதியதை அழித்துவிடலாம் என்று போனைப் பார்த்தேன். இப்போது இருபத்திரண்டு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். விட்டுவிட்டேன்.

இந்த ஸ்விட்ச் சமாச்சாரம் உனக்கு எப்படித் தெரியும் என்று மனைவியிடம் கேட்டேன்.

"கூடுன வேகத்துல ஓட்டணும்னு மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக்லயே பெருசா போட்டிருந்துச்சே. வியாழக்கிழமை பார்சலப் பிரிச்சப்பவே படிச்சிட்டேன்."

இன்று ஞாயிறு. எங்கள் முடிவும் அவளுக்குத் தெரியும், அவள் முன்னால்தான் பேசினோம். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சீட்டுக் குத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.



"இந்த வாசிப்பு இதோட நிக்கட்டும்னுதான் இருந்தேன்," என்றாள். "அவன் அந்த ஸ்டாண்ட மடக்குற சத்தம் கேட்டுச்சு. என்னமோ போல ஆயிடுச்சு."

முன்னறைக்குப் போனாள். இருபத்தாறு வருடமாக ஓங்கிச் சாத்திக்கொண்டு போகும் கதவை இன்று திறந்தே விட்டிருந்தாள்.