ராணிக்கு வயது ஏழு

செங்கம் ரோடு குதிரை வண்டி ஸ்டாண்டில் பளாரென்று ஒரு தட்டு. அறுகம்புல் கட்டு தெறித்துப் போய் எஸ்.டி.டி. பூத் வாசலில் விழுந்தது.

தட்டிவிட்டவன் வண்டிக்கார வேணு. புல்லை நீட்டியவர் லாட்ஜ் ஓனர் கோதண்டராமன். பௌர்ணமி தவறாமல் வாயில்லா ஜீவனுக்குத் தன் கையால் தீனி கொடுக்கிற மனிதர்.

"பசியில வாய் வைக்குது, தட்டி விடறியே! மனுசனாடா நீ?"

"வேணாங்க சார். ராணிக்குப் புல்லு ஆகாது."

"நீயும் போட மாட்ட, போடறவனையும் விட மாட்டியா? எலும்ப எண்ணிடலாம் போலிருக்கு!"

கிரிவலம் போன கூட்டம் நின்றுவிட்டது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் நம் ஜனங்களுக்குக் கால் வலியே மறந்துவிடும். "போலீஸ்ல குடுங்க சார்!" என்றது ஒரு குரல்.

வேணு அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கோதண்டராமன் இன்னொரு பிடியைக் குதிரையின் வாயில் திணித்துவிட்டார்.

குதிரை கழுத்தை நீட்டி இருமியது. கண் பிதுங்கியது. மூக்கில் பச்சைத் தண்ணீர் ஒழுகியது.

"ராணி! அசையாத தாயி!"

வேணு அதன் நாக்கைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து, முழங்கை வரை உள்ளே விட்டான். கடைசியில் புல் உருண்டை அரைபடாமல் அப்படியே கையோடு வந்தது.

"கடைவாய்ப் பல்லு ஒண்ணு கூட இல்லீங்க. கடைசி ரெண்டையும் போன மாசம் டாக்டர் புடுங்கிட்டாரு. கொள்ள ஊற வெச்சு வீட்ல அம்மியில அரைச்சுதான் ஊட்டறோம்."

"கதை விடாத! லாட்ஜ் வெக்கறதுக்கு முன்னாடி சந்தையில பல்லைப் பாத்தே வயசு சொன்ன குதிரைத் தரகன்டா நான்!"

"அப்ப நீங்களே பாருங்க சார்."

கோதண்டராமன் குனிந்தார். பின்னால் வெறும் ஈறு. முன்பற்களில் மட்டும் கறுப்புக் கறுப்பாய்ச் சூடு போட்ட தடம். கிழக் குதிரையை இளசு என்று காட்டச் சில தரகர்கள் செய்கிற வேலை அது. அவர் முகம் வெளுத்தது.

"மூணு வருஷம் முன்னாடி கார்த்திகை தீபச் சந்தையில வாங்கினேன். வித்த தரகரு ஏழு வயசுன்னு சொன்னாரு. அப்பவே இருபதுக்கு மேலன்னு டாக்டர் பாத்துதான் தெரிஞ்சுது."

"நீயும் வேற யார் தலையிலாவது கட்டியிருக்கலாமே?" என்றாள் ஒரு அம்மாள்.

"கட்டினா நேரா கறிக்குத்தாங்க போவும். அது என்னா தப்பு பண்ணுச்சு?"

"எவன்டா அந்தப் படுபாவி? பேரச் சொல்லு!" கூட்டம் இப்போது வேணு பக்கம்.

கோதண்டராமன் கையில் மிச்சமிருந்த புல்லோடு ஓரடி பின்வாங்கினார்.

வேணு அவர் பக்கம் திரும்பவே இல்லை. துண்டால் ராணியின் வாயைத் துடைத்தான்.

"விடுங்க சாமி. அவரும் பௌர்ணமி தவறாம புண்ணியம் தேடிக்கிட்டுதான் இருக்காரு."