திருப்பாத பக்கம்

பால் பாக்கெட்டை வெட்டினான். பாத்திரத்தில் ஊற்றினான். அடுப்பைப் பற்றவைத்தான்.

ரெக்கார்ட் பிளேயரின் முள்ளை இசைத்தட்டின் ஓரத்தில் வைத்தான்.

பியானோ தொடங்கியது.

முதல் பாட்டு முடிவதற்குள் பால் பொங்கிவிடும். இரண்டாவதில் காபி. மூன்றாவதில் சட்டைக்கு இஸ்திரி.

எல்லாம் பழைய ஜாஸ் பாட்டுகள். எத்தனையோ பேர் வாசித்தவை. இந்தத் தட்டில் பியானோ வாசிக்கும் கிழவர் மட்டும் ஒவ்வொன்றையும் இப்போதுதான் கேள்விப்பட்டவர் போலத் தொடங்குகிறார். இருட்டில் சுவிட்சைத் தேடும் கை மாதிரி ஒரு சுரம். பிறகு இன்னொன்று. மெட்டு இதோ வந்துவிட்டது என்று நினைக்கும்போது விட்டுவிடுகிறார். மிச்சத்தை நாம் மனதுக்குள் பாடிக்கொள்கிறோம்.

அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

மூன்றாவது பாட்டின் நடுவே பியானோ நின்றுவிடும். முதல்முறை கேட்டபோது, தட்டில் கோளாறு என்று முள்ளைத் தூக்கப் போனான். தாரிணி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருடா, பெரிய மெக்கானிக். ரிப்பேர் எல்லாம் இல்ல. அவர் சும்மா இருக்கார்."

காலையில் முதல் பக்கம். சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் மறுபக்கம். கல்யாணமானதிலிருந்து அதுதான் வழக்கம்.

அவள் இறந்த பிறகு முதல் பக்கம் மட்டும்தான்.

காலையிலும்.

மாலையிலும்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அந்த இடம் வந்தது. பியானோ நின்றது.

சரசரவென்று சத்தம்.

குனிந்து கேட்டான்.

கீறல்கள். அந்த மௌனம் முழுக்க, அவன் திரும்பத் திரும்ப ஓடவிட்ட முள்ளின் கீறல்கள். இப்படியே போனால் அவர் சும்மா இருப்பது இனி யாருக்கும் கேட்காது.

முள்ளைத் தூக்கினான்.

தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே எடுத்தான், ஓரம் மட்டும் படும்படி. அவள் அப்படித்தான் எடுப்பாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மறுபக்கம் கறுப்பாகப் பளபளத்தது. அதில் இத்தனை கீறல் இல்லை.

கையில் தட்டு பாதி திரும்பியிருந்தது.

அன்று காலை ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்துக் கத்தினாள். அதுதான் கடைசி.

"நான் வர்றதுக்குள்ள திருப்பிப் போட்டுடாதடா."