திருத்திய சிரிப்பு

புனிதவதிக்கு இடது காது கேட்காது. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நடித்த காலத்தில் போனது. வாரம் தவறாமல் நாயகன் அவள் கன்னத்தில் அறைவான். நிஜமாக அறைந்து, அவள் நிஜமாக அழுதால்தான் ஜனம் சிரிக்கும் என்பது இயக்குநரின் கட்சி.

அந்தப் பழைய துணுக்குகளைத்தான் இப்போது ஊரே தேடித் தேடிப் பார்க்கிறது. அவரவர் வீட்டுச் சுவர்த்திரையே அவற்றைத் தூசு தட்டி, நிறம் ஏற்றி, பார்ப்பவர் மனம் நோகாதபடி திருத்தியும் கொடுத்துவிடுகிறது.

மகள் தர்ஷினி சாப்பிட்டுக்கொண்டே ஒன்றைப் போட்டாள். அறை விழுந்தது. திரையில் இருந்த இளம் புனிதவதி கன்னத்தைத் தடவியபடி கலகலவென்று சிரித்தாள்.

புனிதவதி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

"நான் சிரிக்கலடி. அழுதேன்."

"எல்லா எபிசோட்லயும் சிரிச்சுட்டுதாம்மா இருக்க."

"இவங்க மாத்தியிருக்காங்க. பழைய டேப்ப போட்டுப் பாரு."

"இதுதாம்மா பழைய டேப். வேற எங்கயும் எதுவும் இல்ல."

இன்னும் இரண்டு துணுக்குகள் ஓடின. இரண்டிலும் அறை வாங்கிச் சிரித்தாள். தர்ஷினி திரையை நிறுத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்பா அடிச்சாருன்னு சொல்லித்தான என்னைத் தூக்கிட்டு வந்த. அதுவும் இப்படித்தானா?"

தர்ஷினி உட்கார்ந்திருந்தது அம்மாவுக்கு வலது பக்கம். புனிதவதிக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.